பட்டாளத்து ஐயரின் தொப்பி

அருவிக்குத் தலையைக் கொடுக்கிறவர்கள் உண்டு, முதுகைக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஞானதுரை வலது தோளை மட்டும் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். ஐந்தருவியில் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குவதற்கு முன்பே, காக்கி அரைக்கால் சட்டையோடு, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றுவிடுவார். தண்ணீர் அந்த ஒரு தோளின் மேல் தடதடவென்று விழும். பக்கத்தில் குளிக்கிறவர்களுக்கு இது பொறுக்காது. "பெரியவரே, தலையக் காட்டுங்க. உள்ள இருக்க சூடெல்லாம் இறங்கிரும்" என்று யாராவது நகர்ந்து இடம் விடுவார்கள். "தலைக்கு ஒரு கேடும் இல்லய்யா. கோளாறு கையிலதான்" என்பார் ஞானதுரை.

தை மாதத்தில் பிடித்த கோளாறு. தோள்மூட்டு இறுகிவிட்டது, சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வருவதுதான், பொறுமையாக இருந்தால் தானாக விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நெஞ்சு மட்டத்துக்கு வருகிறது. அதற்கு மேல் இம்மியும் நகராது. சோறு அள்ளித் தின்னலாம், கையெழுத்துப் போடலாம், சட்டைப் பொத்தானை மாட்டலாம். தலை சீவ முடியாது. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சீவுவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் மிச்சமில்லை. சல்யூட் அடிக்க முடியவில்லை என்பதுதான் மனுஷனைத் தின்கிறது. வீட்டுச் சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். காலையும் மாலையும் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறார். மகள் சுஜிதா, "அப்பா, மெள்ள. கையைப் பிடுங்கி எடுத்துராதீங்க" என்று அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். "ஆகஸ்ட் வருதுல்லா" என்பதுதான் அவர் பதில்.

தென்காசியில் அவருக்குப் பட்டாளத்து ஐயர் என்று பெயர். இந்தப் பக்கத்தில் சி.எஸ்.ஐ. கிறித்தவர்கள் தங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஞானதுரை எந்தச் சபைக்கும் ஐயராக இருந்தவரல்ல. சிப்பாயாகச் சேர்ந்து, துப்பாக்கி பிடித்து, பிற்பாடு வேதம் படித்து, ராணுவத்துக்குள்ளேயே மதபோதகரானவர். பட்டாளத்தில் எல்லா மதத்துக்கும் ஒரே கூரைதான். பண்டிட் லீவில் போனால் ஆரத்தித் தட்டை ஏந்தியிருக்கிறார். மௌல்வி லீவில் போனால் பையன்கள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்துக்கு அலைந்திருக்கிறார். அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் பாதிரி சாப் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதை வைத்து, ஆள் வளைந்து கொடுக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. விசுவாசம் என்று வந்துவிட்டால் உடும்புப் பிடி. மனுஷன் தன் கிரியைகளால், அதாவது நல்ல காரியங்களால், இரட்சிப்பை வாங்க முடியாது, கிறிஸ்துவை விசுவாசித்தால்தான் உண்டு. அதுவும் அவர் சும்மா கொடுப்பது, நாம் சம்பாதிப்பது அல்ல. இதில் அவரிடம் பேரம் நடக்காது. வீர மரணம் அடைந்தவர்களுக்கு ஊர் முக்கில் வைக்கிற ஃபிளெக்ஸ் பலகைகளைக் கண்டால் எரிச்சல்படுவார். 'தாய்நாட்டுக்கு உயிர் தந்து பரலோகம் வென்றவன்' என்று ஒரு பலகையில் பார்த்துவிட்டு, வைத்தவர்களைத் தேடிப் போய்ச் சண்டை பிடித்தார். "வீரமும் ஒரு கிரியைதானவே. அதுக்கு மெடல் உண்டு. மோட்சம் வேற டிபார்ட்மெண்ட்டு" என்பது அவருடைய சொல்.

இப்படிப்பட்டவர்தான், சுற்று வட்டாரத்தில் பட்டாளத்தில் செத்த பையன் ஒருவனுடைய நினைவு நாளையும் தவற விடுவதில்லை. கடையத்தில் ஒன்று, கீழப்பாவூரில் ஒன்று, சுந்தரபாண்டியபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு நாள் வந்துகொண்டே இருக்கும். முதல் நாளே ஷூவுக்குப் பாலீஷ் போட்டுவிடுவார். மெடல்களைச் சட்டையில் குத்தி, பச்சைத் தொப்பியைத் தலையில் ஒரு பக்கமாக இறக்கிவிட்டு, ஓய்வுபெற்ற ஹவில்தார் வீரபாகுவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொள்வார். வயலுக்குள் கட்டிய சமாதியாக இருந்தாலும் சரி, பள்ளிவாசல் மையவாடியாக இருந்தாலும் சரி, கல்லறைத் தோட்டமாக இருந்தாலும் சரி. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், ஓதுகிறவர்கள் ஓதட்டும். எல்லாம் முடிந்ததும் இவர் முன்னால் போய் நிற்பார். குதிகால் இரண்டும் சேர்ந்து ஒரு சத்தம் கேட்கும். கை நெற்றிப்பொட்டுக்கு ஏறும். திரும்பி வந்து, நின்றபடியே ஒரு கடுங்காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஜெபம் மட்டும் பண்ண மாட்டார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது கத்தோலிக்கர்களின் ஆர்.சி. கோயிலில் உண்டு, அவருடைய கோயிலில் கிடையாது. கண்ணை மூடியதோடு அந்த ஆளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம் முடிந்துபோயிற்று. மிச்சமிருக்கிற குடும்பத்துக்கு ஆறுதல் கேட்கலாம். அதை வீட்டுக்குள், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, நெஞ்சுருகக் கேட்பார். கல்லறைக்கு வந்தால் தொப்பி தலையை விட்டு இறங்காது. தொப்பி இல்லாத தலைக்கு ராணுவத்தில் சல்யூட் கிடையாது. தொப்பி வைத்த தலையோடு ஆம்பிளை ஜெபம் பண்ணுகிற வழக்கம் கோயிலில் கிடையாது. ஆகவே தொப்பியைப் பார்த்தாலே அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்துவிடும்.

"பாதிரி சாப், நான் செத்தா எனக்கு எது? சல்யூட்டா, ஜெபமா?" என்று வீரபாகு ஒரு நாள் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"ஜெபம் இப்பவே தினமும் ஓடிட்டு இருக்குவே. செத்த பொறவு சல்யூட்டு."

"நான் ஒங்க சாமிய நம்பாதவன்லா?"

"அதனாலதான் தினமும்" என்றார் ஞானதுரை. வீரபாகுவுக்குச் சிரிப்பு தாங்காமல் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது.

முன்பு அவரும் மற்றவர்கள் மாதிரி ஆறுதல் சொன்னவர்தான். மதபோதகரான புதிதில், கொல்லம் பக்கத்துப் பையன் ஒருவனுடைய சவப்பெட்டியை ஒப்படைக்கப் போயிருந்தார். அவனுடைய அம்மாவிடம், உங்கள் மகன் பரலோகத்தில் இருக்கிறான், கவலைப்படாதீர்கள் என்று சொன்னார். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "அச்சன் கண்டோ?" என்று கேட்டாள். நீங்கள் பார்த்தீர்களா என்று. கோபமாகக் கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே பார்த்திருப்பார் என்று எண்ணிக் கேட்டாள். அன்றோடு ஞானதுரை அந்தப் பேச்சை விட்டுவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் போனவனுக்குச் செய்கிற மரியாதை என்று வைத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பத்துக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

சுந்தரபாண்டியபுரத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் தங்கபுஷ்பத்துக்கு வீடு. பீடி சுற்றுகிறவள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகன் ஜெபஸ்டின் வடகிழக்கு எல்லையில் இருந்தான். ஓர் ஆகஸ்ட் மழையில் முகாமின் மேல் மலை சரிந்தது. ஒருவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, இன்னொருவனுக்காகத் திரும்பி உள்ளே போனான். போனவன் வரவில்லை. பெட்டி ஊருக்கு வந்த அன்று ஜில்லாவே திரண்டது. துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து முழங்கின. தேசியக் கொடியை மடித்துத் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தார்கள். ஞானதுரை கூட்டத்தோடு நின்று சல்யூட் அடித்தார். ஜெபஸ்டினை அவர் உயிரோடு பார்த்ததே இல்லை.

முதல் நினைவு நாளில் தங்கபுஷ்பம் அவரைக் கல்லறை அருகிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். வளர்ந்த பிள்ளைகள் சபை முன்னால் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுகிற திடப்படுத்தலை ஜெபஸ்டின் எடுக்கவில்லை. பேராயர் வந்தாயிற்று, வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று, மற்றப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றாயிற்று. அவன் வீட்டை விட்டே கிளம்பவில்லை. "விசுவாசிக்கிறியான்னு கேப்பாவ. நான் ஆமான்னு சொல்லணும். எனக்கு விசுவாசம் வரலம்மா. வராம வந்துட்டுன்னு சொன்னா பொய்தான?" என்று உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. லீவில் வந்தால் அம்மாவைக் கோயில் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பான்.

"எம்புள்ள எங்கன இருக்கான், ஐயா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"தெரியாதும்மா."

அடுத்த வருஷமும் கேட்டாள். ஞானதுரை அதற்குள் யோசித்து வைத்திருந்தார். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கின கள்ளன் கடைசி நிமிஷத்தில் ஒரு வார்த்தை கேட்டான், அவனுக்குப் பரலோகம் கிடைத்தது. மண்ணுக்குள் ஜெபஸ்டின் கடைசியாக என்ன கேட்டான் என்று நமக்குத் தெரியாது என்றார். அந்த மட்டில் நம்பிக்கை வைக்கலாம் என்றார்.

தங்கபுஷ்பம் இல்லை என்று தலையை ஆட்டினாள். "கேட்டிருக்க மாட்டான். எம்புள்ள பிடிவாதம் எனக்குத் தெரியும்லா. செத்தாலும் நடிக்க மாட்டான்."

அந்தப் பையன் மேல் அவருக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இரண்டு பங்காயிற்று என்று வீரபாகுவிடம் சொன்னார். மரியாதை கூடக் கூட வருத்தமும் கூடிற்று என்பதைச் சொல்லவில்லை. வீரபாகுவுக்குத் தெரியும்.

அதற்கடுத்த வருஷம் ஊருக்குப் புதிதாக வந்த ஐயர் இளம்பிள்ளை, இரக்க குணம். தேசத்துக்காக உயிரைக் கொடுத்தவன் பரலோகத்தில்தான் இருப்பான், அழாதீர்கள் என்று சொல்லிவிட்டார். தங்கபுஷ்பம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "அவரு நல்லவரு. ஆனா சும்மா சொல்லுதாரு. நீங்க சும்மா சொல்ல மாட்டீய. அதான் ஒங்ககிட்ட கேக்கேன்" என்றாள். அந்த வருஷம் அவள் வேறொன்றும் கேட்டாள். "அவன் கேக்கல, சரி. அவனுக்காவ நீங்க ஆண்டவர்ட்ட கேளுங்களேன்."

"அதுக்கு வழி இல்லம்மா."

"கைகால் வராத திமிர்வாதக்காரனைக் கூரையப் பிரிச்சு நாலு பேரு கட்டிலோட இயேசு முன்னால இறக்குனாவல்லா? கட்டில்ல கெடந்தவன் வாயத் தொறந்தானா? இறக்குனவங்க விசுவாசத்தப் பாத்துத்தான அவனுக்கு மன்னிப்புக் கெடச்சுது?"

ஞாயிறு பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரிந்த கதை. ஞானதுரை எத்தனையோ முறை அதை வைத்துப் பிரசங்கம் செய்திருக்கிறார். இந்தக் கேள்வி மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை. "அவன் உயிரோட இருந்தான், தங்கபுஷ்பம்" என்றார். அவள் கடுங்காப்பி போட வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அவள் கேட்காமல் விட்டதில்லை, அவர் மாட்டேன் என்று சொல்லாமல் விட்டதில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்தியிருப்பார்கள். ஞானதுரை போகாமல் இருக்க மாட்டார். ஜெபஸ்டினுக்கு அவரால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு சல்யூட். அதையும் கொடுக்காவிட்டால் அவனுக்கு என்னதான் கொடுத்தோம் என்று நினைத்தார். அதனால்தான் இந்த வருஷம் அருவியோடும் சுவரோடும் அத்தனை போராட்டம்.

ஆகஸ்ட் வந்தது. கை வரவில்லை.

"இடது கையால போட்டா என்ன? இல்ல, சும்மா அட்டென்ஷன்ல நில்லுங்க, போதும்" என்றார் வீரபாகு. ஞானதுரை கேட்கவில்லை. அன்று காலையும் அருவிக்குப் போய்த் தோளைக் காட்டிவிட்டு வந்தார். மகள் தைலம் போட்டு உருவிவிட்டாள். தொப்பியை இடது கையால் வைத்துக்கொண்டார். சரியான சாய்வுக்கு வரச் சுஜிதாதான் இழுத்துவிட வேண்டியிருந்தது.

சாரல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. வழியில் சூரியகாந்தி வயல்களில் கார்களை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் கூட்டமில்லை. முதல் வருஷம் வந்த ஜில்லா இப்போதெல்லாம் வருவதில்லை. இளம் ஐயர் காலையிலேயே கோயிலில் ஜெபஸ்டினின் வாழ்வுக்காக நன்றி செலுத்தி முடித்துவிட்டார். தங்கபுஷ்பம் கல்லறையைக் கழுவிவிட்டு, மாலை போட்டுவிட்டு, ஓரமாக நின்றாள்.

ஞானதுரை முன்னால் போனார். குதிகால்கள் சேர்ந்தன. வலது கை புறப்பட்டு நெஞ்சுக்கு வந்தது, நின்றுவிட்டது. பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை அதற்கு மேல் ஏறவில்லை. இறக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. பாதியில் இறக்கிய சல்யூட்டை எவனுக்குக் கொடுப்பது? வீரபாகு பார்க்கச் சகிக்காமல் தரையைப் பார்த்தார்.

தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அவருடைய முழங்கைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். "மெள்ள" என்றாள். "இன்னும் கொஞ்சம்." கை ஏறியது. வலி அவர் கண்ணில் தெரிந்தது. விரல்கள் தொப்பியின் ஓரத்தைத் தொட்டன. அவள் தாங்கிப் பிடித்திருக்க, பட்டாளத்து ஐயர் ஜெபஸ்டினுக்கு முழு சல்யூட் கொடுத்தார். பிறகு அவளே கையை மெள்ள இறக்கியும் விட்டாள்.

மற்ற வருஷங்களில் அவர் உடனே திரும்பிவிடுவார். அவள் குறுக்கே வந்து கேட்பாள். இன்றைக்கு அவர் திரும்பவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"கேக்கலியா, தங்கபுஷ்பம்?"

"என்னத்தய்யா?"

"வருஷா வருஷம் கேப்பியே."

"ஒங்கள எதுக்குத் திரும்பத் திரும்பச் சங்கடப்படுத்தணும்? இந்த மாசம் பூரா நான் ஒங்க கைக்குத்தான் ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். வீரபாகு அண்ணாச்சி வந்து சொல்லிட்டுப் போனாவ."

ஞானதுரை தன் கையைப் பார்த்தார். "கை சரியாவலியேம்மா."

"ஆவலதான்" என்றாள் தங்கபுஷ்பம். "அதுக்காவ கேக்காம இருக்க முடியுமா?"

சாரல் வலுத்தது. வீரபாகு வண்டியில் மாட்டியிருந்த குடையை எடுக்கப் போனவர், பாதி வழியில் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஞானதுரை இடது கையைத் தூக்கித் தொப்பியைக் கழற்றியிருந்தார். அதை வைக்க இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்; கல்லெல்லாம் நனைந்து கிடந்தது. தங்கபுஷ்பம் இரண்டு கையையும் நீட்டித் தொப்பியை வாங்கிக்கொண்டாள்.